இல்லாத படத்தை ஆராய்வது எப்படி: திரைப்பட வரலாறு எழுத வருகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எந்த ஆண்டு வந்தது? ஒரு புத்தகம் 1916 என்கிறது, அடுத்தது 1917, வேறொன்று 1918. எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார், எடுத்த இடம் சென்னை கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோடு என்பதில் சண்டை இல்லை. ஆண்டில்தான் சண்டை. படத்தைப் போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் படமே இல்லை.

நம் ஊரில் சினிமா ஆராய்ச்சிக்கு வருகிற பலரும் இந்த இடத்தில்தான் முதலில் முட்டிக்கொள்வார்கள். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில, அவற்றிலும் பல துண்டு துண்டாக. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், சும்மா வைத்திருந்தாலே பொடிந்து போகும். ஓடி முடிந்த படச்சுருளை வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் உண்டு. ஆகவே நம் திரைப்பட வரலாற்றில் பாதி வேலை, கண்ணில் படாத படத்தைக் காகிதத்திலிருந்து மீட்டெடுப்பது.

கல்லூரி ஆய்வேடு எழுதுகிறவர், ஒரு இயக்குநரைப் பற்றிப் புத்தகம் போட நினைப்பவர், பழைய காட்சிகளைத் தேடி அலையும் ஆவணப்படக்காரர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன்: அ.க. செட்டியார் எடுத்த காந்தி ஆவணப்படம்.

முதலில், கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"அ.க. செட்டியாரும் காந்தி படமும்" என்பது தலைப்பு. கேள்வி அல்ல. தலைப்போடு நூலகத்துக்குப் போனால் ஒரு மாதம் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுக் குழம்பித் திரும்புவீர்கள். நான் அப்படித் திரும்பியவன்தான், இரண்டு பை நிறையக் காகிதத்தோடு.

செட்டியார் கோட்டையூர்க்காரர், 1911-இல் பிறந்தவர். ரங்கூனில் பத்திரிகை ஆசிரியர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தியின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் 'சமாரியா' கப்பலில் அவருக்குக் காந்தி பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வருகிறது. மூன்றாண்டுக்குள், 1940 ஆகஸ்ட் 23 அன்று, படம் வெளியாகிறது.

இந்தக் கடைசித் தேதியை அதன் அண்டை அயலோடு வைத்துப் பாருங்கள். 1939 செப்டம்பரில் உலகப் போர். அக்டோபரில் சென்னையில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகுகிறது. 1940 அக்டோபரில் தனிநபர் சத்தியாக்கிரகம். ஆட்சி வெள்ளைக்கார ஆளுநரின் கையில் இருக்கும் நேரத்தில், போர்க்காலத்தில், காந்தியைப் பற்றி ஒரு முழுநீளப் படம் திரைக்கு வருகிறது. எப்படி வந்தது? சென்சார் எதை விட்டது, எதை வெட்டியது? இதுதான் கேள்வி. இதோடு போனால் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

நாள் ஏடு: நான்காவது பத்தியை மறக்காதீர்கள்

ஒரு நீளத் தாளையோ எக்செல் பக்கத்தையோ எடுத்து மேலிருந்து கீழாக நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தேதி. நடந்தது. சொன்னவர் யார். எப்போது சொன்னார்.

முதல் மூன்றை எல்லோரும் எழுதுவார்கள். நான்காவதுதான் உங்களைக் காப்பாற்றும். நடந்த அன்று செய்தித்தாளில் வந்த ஒரு வரிக்கும், நாற்பது வருடம் கழித்து ஒரு பேட்டியில் சொன்ன வரிக்கும் ஒரே எடை கிடையாது. 'கீசக வதம்' விஷயத்தில் ஆண்டுகள் மாறுவதற்கு ஒரு காரணம் இதுதான்: பிற்காலத்தில் நினைவிலிருந்து சொன்னதை ஒருவர் எழுத, அதை இன்னொருவர் எடுத்து எழுத, எல்லாம் தனித்தனிச் சான்று போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டன. ஐந்து புத்தகம் ஒரே ஆண்டைச் சொன்னால் ஐந்து சான்று என்று மகிழ வேண்டாம். ஐந்தும் எதைப் பார்த்து எழுதின என்று பாருங்கள். பெரும்பாலும் ஊற்று ஒன்றாகத்தான் இருக்கும்.

செட்டியார் படத்தைப் பற்றி எங்கு படித்தாலும் சில எண்கள் வரும். 30 ஆண்டுகளில் 100 கேமராக்காரர்கள் எடுத்த 50,000 அடி ஃபிலிம், அதற்காக அவர் பயணம் செய்தது ஒரு லட்சம் மைல், முடிவில் படம் 12,000 அடி. எல்லாமே பூஜ்யத்தில் முடியும் எண்கள். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 30, 100, 50,000, ஒரு லட்சம் என்று வரிசையாக வரும்போது ஆராய்கிறவருக்கு மூக்கு வியர்க்க வேண்டும். இவை விளம்பரத்துக்காகத் திரட்டிச் சொன்ன எண்களா, கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவையா? நான்காவது பத்தியில் அதைக் குறித்து வையுங்கள்.

காகிதம் எங்கே கிடைக்கும்

இதுதான் நீளமான வேலை. அவசரப்படாதீர்கள்.

பாட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கொட்டகை வாசலில் சில அணாக்களுக்கு விற்ற மெல்லிய புத்தகம். நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டு வரிகள், சிலவற்றில் தொழில்நுட்பக்காரர் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். படமே அழிந்துபோன பிறகும் இது பிழைத்திருக்கும், ஏனென்றால் பாட்டுப் பைத்தியங்கள் இதைப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, படத்தின் கடைசி வெட்டுக்கு முன்பே புத்தகம் அச்சாகியிருக்கலாம்; புத்தகத்தில் இருக்கும் பாட்டெல்லாம் படத்தில் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு, கதைச் சுருக்கம் சரியாக உச்சத்தில் நின்று "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். அன்றைய ரசிகனுக்கு அது ஆசை காட்டியது. இன்றைய ஆராய்ச்சிக்காரனுக்கு வெள்ளித்திரையும் இல்லை, மீதியும் இல்லை.

இவற்றைப் பார்க்க நல்ல இடம் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இதைச் சேர்த்த ரோஜா முத்தையாவும் கோட்டையூர்க்காரர்தான். பழைய புத்தகம், அழைப்பிதழ், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் அவர் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அமெரிக்காவுக்கு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. போகும் முன் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். கேள்வி ஒரு வரியில் இருந்தால் அங்கிருப்பவர்களும் வழி காட்டுவார்கள்.

அடுத்து பத்திரிகைகள். 'சினிமா உலகம்', 'குண்டூசி', 'பேசும் படம்' போன்ற சினிமா ஏடுகளைத் தேடுவது நல்லதுதான். ஆனால் என் அனுபவத்தில் விமர்சனத்தைவிட விளம்பரம் அதிகம் பேசும். நாளிதழின் சினிமா விளம்பரத்தை வாரம் வாரமாகப் பார்த்து வந்தால், எந்தக் கொட்டகையில் எத்தனை வாரம், எப்போது காட்சி எண்ணிக்கை குறைந்தது, எப்போது வெளியூருக்குப் போனது என்று படத்தின் வாழ்நாளே தெரிந்துவிடும். வாரப் பத்திரிகைகளில் எதிர்பாராத புதையலும் உண்டு. கே. சுப்ரமணியம் 1939-இல் எடுத்த 'தியாகபூமி'யின் கதையைக் கல்கி 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதினார். ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் ஸ்டில்களே அதில் அச்சாயின. நாவலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

மூன்றாவது, அரசாங்கக் காகிதம். சோம்பல் படாமல் போனால் பலன் இங்கேதான். 1918 சினிமாச் சட்டத்தின்படி பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் 1920-இல் தணிக்கை வாரியங்கள் வந்தன. அவை படம் ஒவ்வொன்றையும் அடிக்கணக்கில் பதிவு செய்தன, எதை வெட்டச் சொன்னார்கள் என்றும் எழுதி வைத்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பொதுத்துறை, உள்துறை, சட்டத்துறை ஆணைகளை ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டும். திரைப்பட வரலாற்றாளர் சு. தியடோர் பாஸ்கரன் தேச விடுதலைக் காலத்துத் தமிழ் சினிமாவையும் நாடகத்தையும் பற்றி எழுதியபோது நடந்த பாதை இதுதான். 1937-இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்ததும் தணிக்கை தளர்ந்ததையும், 1939-இல் ஆட்சி போனதும் மறுபடி இறுகியதையும் அப்படித்தான் காட்ட முடிந்தது. நம் கேள்விக்கு இது நேரடியாக உதவும்: செட்டியாரின் படம் வந்தது இறுகிய காலத்தில்.

1927-28 இந்திய சினிமாட்டோகிராஃப் கமிட்டியையும் விட்டுவிடாதீர்கள். தலைவர் சென்னை வக்கீல் தி. ரங்காச்சாரியார். 353 சாட்சிகளை விசாரித்தார்கள். அறிக்கையை எல்லோரும் புரட்டுவார்கள். நீங்கள் சாட்சியத் தொகுதிகளைப் படியுங்கள். கொட்டகைக்காரர், விநியோகஸ்தர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் கேள்விக்குப் பதில் சொல்லும் குரல் அதில் கேட்கும். கமிட்டி காந்திக்கும் கேள்வித்தாள் அனுப்பியது. தான் சினிமாவுக்கே போனதில்லை என்றும், அது தீமை என்பது தன் கருத்து என்றும் அவர் பதில் போட்டுவிட்டார். பத்து வருடம் கழித்து ஒரு செட்டிநாட்டு இளைஞர் கேமராவோடு தேடிப் போனது இந்த மனிதரைத்தான். இதை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

நான்காவது, கோர்ட்டு. கேரளத்து 'மார்த்தாண்ட வர்மா' மௌனப் படம் ஏன் பிழைத்தது தெரியுமா? சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியில்லாமல் எடுத்ததாகப் பதிப்பாளர் வழக்குப் போட்டு, படம் முடக்கப்பட்டது. ஓடாததால் தேயவில்லை. 1974-இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அது கிடைத்தது. வழக்கு படத்தைக் கொன்றது, படத்தைக் காப்பாற்றியதும் அதே வழக்குதான். ஆகவே தயாரிப்பாளருக்கு ஏதாவது வழக்கு இருந்ததா என்று எப்போதும் பாருங்கள். கடன் வழக்கானாலும் பரவாயில்லை, படத்தின் செலவுக்கணக்கு அதில்தான் இருக்கும்.

படம் கிடைத்துவிட்டால்

முதல் கேள்வி: இது எந்த வடிவம்? செட்டியார் படத்தின் கதையைக் கேளுங்கள். தமிழில் வந்தது, பிறகு தெலுங்கு விளக்கவுரையோடு வந்தது, இந்தி வடிவம் ஒன்று, 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் ஒன்று. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி வெகு காலம் தேடி, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டது அந்த ஆங்கில வடிவம். அதைப் பார்த்துவிட்டு "செட்டியார் காந்தியை இப்படிக் காட்டினார்" என்று எழுதினால் தப்பு. அமெரிக்கப் பார்வையாளருக்காக வெட்டி ஒட்டி, அமெரிக்கக் குரல் வைத்த படம் அது. காட்சிகள் அவருடையவை. வரிசையும் சொல்லும் 1940 சென்னையில் மக்கள் பார்த்தவை ஆகா.

அடுத்து அடிக்கணக்கு. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 சட்டகம் (ஃபிரேம்). பேசும் படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடும், ஆக நிமிடத்துக்கு 90 அடி. 12,000 அடி என்றால் ஏறக்குறைய 2 மணி 13 நிமிடம். கையில் இருக்கும் பிரதி அதைவிடக் குறைவாக ஓடினால், மீதி எங்கே என்று கேட்க வேண்டும். மௌனப் படத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. நொடிக்கு 16 சட்டகம் ஓட்டினால் நிமிடத்துக்கு 60 அடிதான். 'கீசக வத'த்தின் நீளம் 6,000 அடி என்கிறார்கள். அதை 24 சட்டகக் கணக்கில் 67 நிமிடம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. 16-இல் ஓட்டினால் 100 நிமிடம் வரும்.

பிறகு ஷாட் எண்ணுதல். ஷாட் என்பது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே தொடர்ந்து ஓடும் துண்டு. அலுப்பான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு ரீலுக்காவது செய்யுங்கள். மொத்த நொடியை ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம். "அந்தக் காலத்துப் படம் மெதுவாகப் போகும்" என்று வாயால் சொல்வதை எண்ணால் சொல்லலாம், சில சமயம் அந்தப் பேச்சே தப்பு என்றும் தெரியும்.

இயக்குநரைப் பற்றி எழுதும்போது

இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற எண்ணம் 1950களில் பிரெஞ்சு விமர்சகர்களிடம் வலுத்தது. 1954-இல் த்ரூஃபோ எழுதிய கட்டுரை பெரும் சண்டையைக் கிளப்பியது. பாலசந்தர், பாரதிராஜா காலத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கலாம், பலனும் உண்டு. ஆனால் 1950-க்கு முந்தைய தமிழ்ப் படத்தில் அப்படியே கொண்டுபோய் வைத்தால் கால் இடறும்.

'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள், 1950. டைட்டிலில் இயக்குநர்கள் இரண்டு பேர்: எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம். டங்கன் அமெரிக்கர், 1935-இல் இந்தியா வந்தவர், தமிழ் தெரியாது. சுந்தரம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி. டங்கன் ஊருக்குக் கிளம்பிவிட, மீதியைச் சுந்தரம் முடித்தார். வசனம் மு. கருணாநிதி. மக்கள் கைதட்டியது வசனத்துக்கு. கதாநாயகன் எம்.ஜி.ஆர். சரி, இந்தப் படத்தின் "ஆசிரியர்" யார்? என் கருத்தைக் கேட்டால், மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற ஸ்டுடியோதான். மாதச் சம்பளம், ஒரே வளாகம், கெடுபிடியான நேரக் கணக்கு எல்லாம் சேர்ந்து செய்த படம் அது. டங்கனின் கையெழுத்தைத் தேட வேண்டுமானால் கேமரா அசைவிலும் நெருக்கக் காட்சியிலும் தேடுங்கள், வசனத்தில் அல்ல. நீங்கள் மறுக்கலாம். மறுக்கும்போது சம்பளப் பட்டியலையோ ஒப்பந்தத்தையோ காட்டி மறுத்தால் சந்தோஷப்படுவேன்.

ஆவணப்படம் என்றால் இன்னும் மூன்று கேள்வி

யார் எடுத்தார், யாருக்காக, யார் குரலில்?

ஆவணப்படத்தை உண்மை என்று அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 1922 'நானூக்'கைப் படித்தால் விட்டுவிடலாம். வடதுருவக் குளிரில் வாழும் இனுவிட் குடும்பத்தைக் காட்டும் படம். நானூக்காக வருபவரின் பெயர் அல்லகாரியல்லாக். மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. அந்த மக்கள் அப்போது துப்பாக்கி வைத்திருந்தார்கள். படத்துக்காக ஈட்டியால் வேட்டை. பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று பாதி வீடு கட்டிப் படம் பிடித்தார்கள். படத்துக்குப் பணம் கொடுத்தது விலங்குகளின் உரோமத் தோலை வாங்கி விற்ற ஒரு பிரெஞ்சுக் கம்பெனி. இதையெல்லாம் சொல்லி "ஏமாற்று" என்று மூடிவிடுவது சுலபம். படத்தில் நடிப்பு என்று தெரிந்தே அந்த மக்கள் சேர்ந்து செய்தார்கள், கேமராவைப் பழுது பார்த்ததும் அவர்களே. ஆராய வேண்டியது அந்தக் கூட்டு வேலையை.

பில் நிக்கல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஆவணப்படங்களை ஆறு வகையாகப் பிரித்தார்: விளக்குவது, கவிதை போல் அமைவது, ஒதுங்கி நின்று கவனிப்பது, எடுப்பவரும் கலந்துகொள்வது, தன்னையே கேள்வி கேட்பது, சொந்த அனுபவத்தை முன்வைப்பது. மாணவர்கள் இதைப் பார்த்ததும் பெட்டியில் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெட்டி பெரிதல்ல, படம் எந்த இடத்தில் பெட்டியை விட்டு வெளியே வருகிறது என்பதே சுவாரசியம்.

செட்டியார் படம் வேறு மாதிரிச் சிக்கல். அதில் பெரும்பகுதி அவர் எடுத்ததே அல்ல, உலகமெங்கும் செய்திப்படக்காரர்கள் எடுத்ததைத் தேடி வாங்கியது. ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் தனி வரி எழுதுங்கள்: எந்த நிகழ்ச்சி, எந்த ஆண்டு, முதலில் எடுத்தது யார், எதற்காக. 1931 வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியை ஒரு லண்டன் செய்திப்படக் கேமரா வேடிக்கையாகப் பார்த்திருக்கலாம். அதே காட்சி சென்னைக் கொட்டகையில் தமிழ் விளக்கவுரையோடு ஓடும்போது பக்தியாகிறது. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதே ஆய்வு. தேடி அலைந்த கதையைச் செட்டியாரே தம் 'குமரி மலர்' இதழில் எழுதினார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று நூலாகவும் வந்திருக்கிறது. படிக்க அருமையான நூல். ஆனால் நான்காவது பத்தி நினைவிருக்கட்டும்: படம் வந்து வெகு காலத்துக்குப் பிறகு எழுதியது.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது

"அந்தப் படம் எப்போது வந்தது?" என்று கேட்காதீர்கள். எண்பது வயதுக்காரருக்கு ஆண்டு மறந்திருக்கும், உங்கள் மனம் நோகக் கூடாதென்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார். "யாரோடு போனீர்கள், தரை டிக்கெட் எவ்வளவு, அப்போது பள்ளிக்கூடமா வேலையா?" என்று கேளுங்கள். ஆண்டு தானாக வந்துவிடும். பழைய பாட்டுப் புத்தகத்தையோ ஸ்டில்லையோ கையில் கொடுத்தால் பேச்சு இன்னும் திறக்கும். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள், பதிவின் ஒரு பிரதியை வீட்டாருக்குக் கொடுங்கள்.

எழுதும்போது

தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். "படத்தை நேரில் பார்த்தேன்", "பாட்டுப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது", "பின்னாளில் இவர் இப்படி நினைவுகூர்ந்தார்" என்ற மூன்றும் மூன்று வேறு வாக்கியங்கள். மூன்றையும் "இருந்தது" என்ற ஒரே வினைக்குள் கொண்டுபோய்ப் புதைக்காதீர்கள். 'கீசக வதம்' ஆண்டு பற்றி எழுத நேர்ந்தால் மூன்று ஆண்டுகளையும் கொடுத்து, எது எங்கிருந்து வருகிறது என்று சொல்லி, உங்கள் சாய்வு எதன் பக்கம் என்றும் எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் கையில் இருக்கும் பழைய பாட்டுப் புத்தகங்களை ஸ்கேன் செய்துவிட்டு அசலை ஏதாவது ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். கொடுக்கும் முன் முதுகில் இருக்கும் இரும்புப் பின்னை மெதுவாகக் கழற்றிவிடுங்கள். பூச்சிக்கு முன்னால் துருதான் காகிதத்தைத் தின்னத் தொடங்கும்.